முதல் குறடு ஏன் உடைந்தது?

இரும்பு அடிக்கக் கற்றுக்கொள்ளத் தொடங்கிய மூன்றாவது வாரத்தில், நானே செய்த குறடு வேலை நடுவில் உடைந்தது. மேல் அலகு, அதாவது கம்பியைக் கவ்வும் வாய், மூட்டை ஒட்டி டக்கென்று முறிந்து, அதில் பிடித்திருந்த 14 மி.மீ. கம்பி பழுத்த சிவப்பில் பட்டடையிலிருந்து (இரும்பை வைத்து அடிக்கும் பீடம்) வழுக்கி, என் காலுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. தோல் ஷூ போட்டிருந்ததால் காலுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இரண்டு நாள் உழைத்துச் செய்த கருவி, பத்து அடி கூட அடிக்காத நிலையில் முறிந்தது மனதை ரொம்பவே உறுத்தியது. உடனே இன்னொன்று செய்யலாம் என்றுதான் முதலில் தோன்றியது, அப்புறம் உடைந்த முகத்தைப் பார்த்தேன். அதைப் பார்த்த பிறகு ஒரு வாரம் உலை மூட்டவில்லை. இது ஏன் உடைந்தது என்று தேடிப் போன கதைதான் இந்த ஆய்வு. தேடிப் போனால் நான் சேர்த்து வைத்திருந்த ஒவ்வொரு கருவியிலும் ஒரு குறை இருந்தது, அத்தனையும் அந்தக் குறட்டில் வந்து சேர்ந்திருந்தன.

அப்போது என்னிடம் என்ன இருந்தது

உலை ஒரு மரப்பெட்டிதான். உள்ளே களிமண்ணும் மணலும் கலந்து நிரப்பி, நடுவில் ஒரு குழி, பக்கவாட்டில் 25 மி.மீ. இரும்புக் குழாய் வழியாகக் காற்று. எரிபொருள் மரக்கரி. காற்றுக்கு ஒரு பழைய ஹேர் டிரையர், சூடாக்கும் சுருளைக் கழற்றிவிட்டு விசிறி மட்டும் ஓடும்படி வைத்தது. குழாய் விஷயத்தில் ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: முதலில் கையில் கிடைத்தது துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாய், அதைப் போட்டுவிடத்தான் இருந்தேன். துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்து ஆவியாகும், உலையின் வாயில் அதைவிடச் சூடு சர்வசாதாரணம், அந்தப் புகையைச் சுவாசித்தால் காய்ச்சலும் நடுக்கமும் வரும். பூச்சு இல்லாத கறுப்புக் குழாய்தான் போட வேண்டும். பழைய இரும்பு எதை எடுத்தாலும் பூச்சு இருக்கிறதா என்று பார்க்காமல் உலையில் வைக்காதீர்கள்.

பட்டடை, 40 செ.மீ. நீளத் தண்டவாளத் துண்டு. மீட்டருக்கு 60 கிலோ வகை, அதாவது கையில் இருந்தது சுமார் 24 கிலோ. இதைப் படுக்க வைத்து அடித்தால் நடுவில் இருக்கும் மெல்லிய தட்டு ஸ்பிரிங் மாதிரி அதிர்ந்து அடியின் விசையைத் தின்றுவிடும். நட்டுக்குத்தாக நிறுத்தினால் அந்த 24 கிலோவும் சுத்தியலுக்கு நேர் கீழே வந்துவிடும். அடிக்கும் இடம் உள்ளங்கை அளவுதான் இருக்கும், ஆனால் சுத்தியல் முகமும் அதைவிடப் பெரிதில்லையே, அது போதும். மரக்கட்டையில் குழி வெட்டி இறக்கி, மேல்முகம் என் கைமுட்டி உயரத்தில் நிற்கும்படி வைத்தேன். இதுவரை சரி. விட்டது எங்கே என்றால், தண்டவாளத்தை அறுத்த பிறகு அந்த விளிம்பை அப்படியே கத்தி மாதிரி கூர்மையாக விட்டுவிட்டேன்.

சுத்தியல் 1 கிலோ. முதல் வாரம் 2 கிலோ எடுத்து அடித்து முழங்கையில் வலி வந்ததால் இறங்கி வந்தது. தண்ணீர்த் தொட்டி ஒன்று. இவ்வளவுதான், வேறு பெரிதாக ஒன்றும் இல்லை. அப்புறம் வண்டியிலிருந்து கழற்றிப் போட்ட சுருள் ஸ்பிரிங் ஒன்று, 13 மி.மீ. தடிமன், அதைத்தான் பொக்கிஷம் மாதிரி வைத்திருந்தேன். (வண்டியில் அழுத்தத்தில் இருக்கும் ஸ்பிரிங்கை நாமே கழற்றப் போகக் கூடாது. அது விடுபட்டால் ஆளையே அடித்துப் போட்டுவிடும். கழற்றி வெளியே கிடப்பதை மட்டும் எடுக்க வேண்டும்.)

இந்தப் பொருட்களோடு நான் முதலில் செய்தவை மூன்று: சாதாரண எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல், மென்மையான இரும்பு) கம்பியில் நெருப்பு கிளறும் கோல் ஒன்று, அதே எம்.எஸ். கம்பியில் ஒரு வெட்டுளி, ஸ்பிரிங் துண்டில் ஒரு பஞ்ச் (துளை போடும் கருவி). பிறகு அந்த ஸ்பிரிங்கிலிருந்தே இரண்டு துண்டு வெட்டி நிமிர்த்தி, நான்காவதாகக் குறடு. நல்ல உருக்கு, கடினமான உருக்கு, ஆகவே உறுதியான குறடு வரும் என்பதுதான் என் கணக்கு. செய்து முடித்தபோது இருட்டிவிட்டது. மூட்டை அசைத்துப் பார்க்கும் அவசரத்தில், இன்னும் சிவப்பு மாறாத குறட்டை அப்படியே தண்ணீரில் முக்கினேன்.

உடைந்த முகம் சொன்னது

வெயிலில் பிடித்துப் பார்த்தால் முறிந்த முகத்தில் இரண்டு வேறு பகுதிகள் தெரிந்தன. பெரும்பகுதி வெளுத்து, பொடிக் கற்களை உடைத்துக் கொட்டியது போல மணிமணியாக மின்னியது. உள்மூலையை ஒட்டி ஒரு நகக்கண் அளவு இடம் மட்டும் கருப்பாக இருந்தது.

அந்தக் கருப்பில்தான் அதிக நேரம் நின்றேன். கருப்பு என்றால் உலைச் சூட்டில் இரும்பின் மேல் படியும் ஓடு, அதாவது செதிள். அலகு முறிந்த பிறகு அது உலைக்குப் போகவில்லை, ஆகவே அந்த இடம் குறடு உலையில் இருந்தபோதே திறந்து கிடந்திருக்கிறது. தண்ணீரில் முக்கும்போது உண்டான விரிசலாக இருக்க முடியாது, ஏனென்றால் முக்கிய பிறகும் அது நெருப்பைப் பார்க்கவில்லை. அப்படியானால் இரண்டு வழிதான் மிச்சம். ஒன்று, ஸ்பிரிங் வண்டியில் ஓடிய காலத்திலேயே, திரும்பத் திரும்ப அழுந்திய அசதியில் விழுந்த பழைய விரிசல். இன்னொன்று, நான் அடிக்கும்போது உண்டாக்கியது.

பழைய ஸ்பிரிங் மேல் பழியைப் போடுவது சுலபமாக இருந்தது. ஆனால் உடையாத இன்னொரு பாதி கையில் இருந்ததே. அதில் அதே உள்மூலையைக் கிரைண்டரால் குறுக்கே அறுத்து, மழமழவென்று தேய்த்துப் பார்த்தேன். அதே இடத்தில், அதே கோணத்தில், முடி மாதிரி ஒரு கருப்புக் கோடு உள்ளே போயிருந்தது. இரண்டு துண்டிலும் ஒரே மூலையில் பழைய விரிசல் தற்செயலாக வந்திருக்காது. அது மடிப்பு. கூர்மையான பட்டடை விளிம்பில் வைத்து அலகுக்கும் மூட்டுக்கும் இடையே படி இறக்கும்போது, அதாவது தடிமனைச் சட்டென்று குறைக்கும்போது, விளிம்பு கத்தி போல இரும்புக்குள் இறங்கிவிட்டது. அடுத்த அடியில் கம்பி கொஞ்சம் நகர்ந்து, வெட்டுப்பட்ட இடத்தின் மேல் இரும்பு மடிந்து படுத்துவிட்டது. வெளியே பார்த்தால் சுத்தமான நேர்மூலை. எனக்கு அது அழகாகக்கூடத் தெரிந்தது. இரும்பில் உள்மூலை நறுக்கென்று இருந்தால் அங்கேதான் விசை எல்லாம் வந்து குவியும், உள்ளே மடிப்பும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

ஆனால் மடிப்பு மட்டும் இருந்தால் அலகு மெல்ல வளைந்து, விரிந்து, பிறகுதான் போயிருக்க வேண்டும். இது கண்ணாடி மாதிரி போனது. அந்த மணிமணியான மினுக்கத்துக்கு வேறு காரணம் இருக்கிறது என்று தெரிந்து, சோதித்துப் பார்ப்பதற்காகத் துண்டுகள் வெட்டினேன்.

நான்கு துண்டுச் சோதனை

இதை யாரும் அரை நாளில் செய்யலாம், எந்தப் பழைய இரும்பைக் கருவியாக்கும் முன்பும் செய்ய வேண்டும் என்றே சொல்வேன். மூன்று துண்டு அதே ஸ்பிரிங்கிலிருந்து, ஒன்று எம்.எஸ். கம்பியிலிருந்து.

முதல் ஸ்பிரிங் துண்டைச் சூடாக்கிக்கொண்டே காந்தத்தில் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். சுமார் 770 டிகிரியில் இரும்பு காந்தத்தை விட்டுவிடும், அதற்குக் கொஞ்சம் மேலேதான் உருக்கைக் கடினப்படுத்தும் சூடு இருக்கிறது, வெப்பமானி இல்லாதவர்களுக்கு இதைவிட நல்ல அளவுகோல் கிடையாது. காந்தம் ஒட்டாமல் போனதும் இன்னும் சில நொடி வைத்து, தண்ணீரில் முக்கினேன். அரத்தை வைத்து இழுத்தால் பிடிக்காமல் வழுக்கியது. வைஸில் (இறுக்கிப் பிடிக்கும் கருவி) பிடித்து, மேலே தடித்த துணி போட்டு மூடி, கண்ணாடி அணிந்துகொண்டு ஒரே அடி. முறிந்தது. முகம் மங்கலான சாம்பல் நிறம், மணி, அதாவது உருக்கின் உள்ளே இருக்கும் படிகத் துகள், மிக நுண்மையாக இருந்தது.

இரண்டாவது துண்டை வெளிர் மஞ்சள் வரை, பொறி பறக்கப் போகிற கட்டம் வரை விட்டு, தண்ணீரில் முக்கினேன். லேசாகத் தட்டியதுமே போய்விட்டது. உள்ளே பார்த்தால் அதே வெளுத்த மணிமணி மினுக்கம், குறட்டின் முகத்தையும் இதையும் பக்கத்தில் வைத்தால் எது எது என்று சொல்ல முடியாது. அதிகச் சூட்டில் உருக்கின் மணிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்துவிடும், பெருத்த மணி உள்ள உருக்குக்குத் தாங்கும் குணம் குறைந்துவிடும்.

மூன்றாவதைச் செஞ்சூட்டில் எடுத்து, உலர்ந்த சாம்பலுக்குள் புதைத்து, மறுநாள் எடுத்தேன். கிட்டத்தட்ட செங்கோணம் வரை வளைந்தது, உடையவில்லை. நான்காவது எம்.எஸ். துண்டு, செஞ்சூட்டிலிருந்து நேரே தண்ணீருக்குள், அதுவும் வளைந்தது, ஒரு கீறல் கூட இல்லை.

இங்கேதான் எனக்கு விஷயம் முழுசாகப் பிடிபட்டது. எம்.எஸ். கம்பியில் கரிமம் 0.25 சதவீதத்துக்குள்தான் இருக்கும், தண்ணீரில் போட்டாலும் அது பெரிதாக மாறாது. வண்டி ஸ்பிரிங்கில் 0.6 சதவீதத்தை ஒட்டி இருக்கும், அதைச் செஞ்சூட்டில் தண்ணீரில் போட்டால் கண்ணாடி. குறடு என்பது வேலை நேரம் முழுக்க உலை வாயில் கிடக்கும், நுனி சிவக்கும், உடனே தண்ணீரில் முக்கிக் குளிர வைப்போம், மறுபடி சூடாகும். நான் அன்று இரவு முக்காமல் இருந்திருந்தாலும் என்றாவது ஒருநாள் முக்கத்தான் போகிறேன். அந்த வேலைக்கு ஸ்பிரிங் உருக்கு ஆகவே ஆகாது. அதே நேரம், எம்.எஸ். கம்பியில் செய்த என் வெட்டுளி இரண்டே நாளில் வாய் மழுங்கி, மேலே அடிவாங்கும் தலை குடை விரித்தது போல விரிந்திருந்தது. இரண்டு இரும்பும் நல்ல இரும்புதான், நான்தான் இடம் மாற்றி வைத்துவிட்டேன். பிடிக்கிற கருவிக்கு மென்மையான இரும்பு, வெட்டுகிற கருவிக்கு உருக்கு. பஞ்ச் மட்டும்தான் சரியான பொருளில் அமைந்திருந்தது, அது இன்றுவரை வேலை செய்கிறது.

என் கணிப்பில் காரணங்களின் எடை இப்படி: ஸ்பிரிங் உருக்கும் தண்ணீரும் சேர்ந்ததுதான் பிரதானம். எந்த இடத்தில் உடைய வேண்டும் என்பதை மடிப்பு முடிவு செய்தது. அதிகச் சூடு, உடைவதற்குத் தேவையான விசையைக் குறைத்துவிட்டது.

அந்த அதிகச் சூட்டுக்கும் ஒரு காரணம் இருந்தது. வெயிலில் வேலை செய்தேன். வெயிலில் ஆரஞ்சு நிறமே மங்கலாகத்தான் தெரியும், இன்னும் சூடு வரவில்லை என்று நினைத்து விட்டுக்கொண்டே இருந்தேன். ஹேர் டிரையரும் ஒரே வேகத்தில் ஊதிக்கொண்டிருந்தது. மரக்கரிக்கு அவ்வளவு காற்று தேவையே இல்லை.

திருத்தியவை

உலையை நிழலுக்கு மாற்றினேன். புகையும் கண்ணுக்குத் தெரியாத கார்பன் மோனாக்சைடும் வெளியேறும்படி நாலு பக்கமும் திறந்த இடம்தான், மேலே மட்டும் கூரை. காற்றுக் குழாயில் பக்கவாட்டில் ஒரு துளை போட்டு, தகரத் துண்டு ஒன்றால் அதைத் திறக்கவும் மூடவும் வைத்தேன். திறந்தால் காற்றில் பாதி வெளியே போய்விடும், உலை அமைதியாக எரியும். இதற்கு ஆன நேரம் கால் மணி. பட்டடையின் ஒரு விளிம்பை கிரைண்டரால் சுமார் 3 மி.மீ. ஆரத்துக்கு உருட்டினேன், எதிர் விளிம்பை வெட்டு வேலைக்காக அப்படியே விட்டேன். சுத்தியல் முகத்தின் ஓரங்களையும் உருட்டி, நடுவை மிக லேசாக மேடாக்கினேன். புது சுத்தியலின் கூர் ஓரம் இரும்பில் பிறை வடிவத்தில் வெட்டு போடும், ஒவ்வொரு பிறையும் அடுத்த விரிசலுக்கு இடம்.

இரண்டாவது குறடு

20 மி.மீ. அகலம், 10 மி.மீ. தடிமன் உள்ள எம்.எஸ். பட்டை, ஒவ்வொன்றும் ஒரு மீட்டர் நீளம், இரண்டு எடுத்தேன். இந்த நீளம் முக்கியம். குறடு செய்யக் குறடு வேண்டுமே என்று பலரும் தயங்கி நின்றுவிடுவார்கள், நானும் அப்படித்தான் பிளையரால் பிடித்து முதலாவதைச் செய்தேன். பட்டை நீளமாக இருந்தால் ஒரு முனையில் அடிக்கும்போது மறுமுனையை வெறும் கையில் பிடிக்கலாம், வேலை முடிந்த பிறகு வெட்டிக்கொண்டால் போதும்.

முனையிலிருந்து 40 மி.மீ. அலகுக்கு. அந்த இடத்தை உருட்டிய விளிம்பின் மேல் வைத்து, சுத்தியல் முகத்தில் பாதி பட்டடையின் மேலும் பாதி வெளியிலும் இருக்கும்படி அடித்து, தடிமனைப் பாதியாக்கினால் முதல் படி இறங்கும். பிறகு பட்டையைக் கால் சுற்று திருப்பி, மூட்டுக்கு 25 மி.மீ. விட்டு இரண்டாவது படி. மறுபடி அதே பக்கம் கால் சுற்று, மூன்றாவது படி, அங்கிருந்து குறட்டின் கை (கைப்பிடி) தொடங்கும். ஆரஞ்சு நிறத்தில் அடித்து, மங்கிய சிவப்பு வந்ததும் நிறுத்தி உலைக்கு அனுப்பிவிட வேண்டும், இன்னும் இரண்டே அடி என்ற ஆசையில்தான் மடிப்பும் விரிசலும் வருகின்றன.

ஒரு பெரிய குழப்பம் இங்கே காத்திருக்கும். குறட்டின் இரண்டு பாதிகளும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம் என்று மனம் சொல்லும். அப்படி இல்லை. இரண்டும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்க வேண்டும், ஒன்றைக் கவிழ்த்து மற்றதன் மேல் வைத்தால்தான் குறடு ஆகும். முதல் பாதியில் இடப்பக்கம் திருப்பினீர்கள் என்றால் இரண்டாவதிலும் இடப்பக்கம்தான். முதலாவதைப் பட்டடை பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்து அடிப்பதே நல்லது.

கைகளை 8 மி.மீ. வரை ஒடுக்கி இழுக்கும்போது பட்டை எவ்வளவு நீளும் என்று எதிர்பார்க்காமல் இருந்தேன். கனஅளவு மாறாதல்லவா, 20-க்கு 10 உள்ள பட்டை 8-க்கு 8 ஆனால் நீளம் மூன்று மடங்குக்கு மேல். ஆகவே கைக்கு 15 செ.மீ. பட்டையே தாராளம், மிச்சத்தை வெட்டி வைத்துக்கொள்ளலாம்.

துளைக்கு அந்த ஸ்பிரிங் பஞ்ச். ஒரு பக்கம் மூன்று நான்கு அடி, பஞ்சைத் தண்ணீர் படாமல் காற்றில் ஆறவிட்டு மறுபடி, அடியில் பட்டடை தட்டுப்படுவது போல உணர்ந்ததும் திருப்பிப் போட வேண்டும். மறுபக்கத்தில் பஞ்ச் நின்ற இடம் மட்டும் கொஞ்சம் கறுத்துத் தெரியும், அதன் நடுவில் வைத்து அடித்தால் சின்ன வில்லை ஒன்று கீழே விழும். இரண்டு பாதிகளையும் கோக்கும் ஆணியான ரிவெட்டுக்கு 8 மி.மீ. எம்.எஸ். கம்பி, தலை தட்டுவதற்காக விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு, அதாவது 12 மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி வெட்டினேன். தட்டி முடித்ததும் மூட்டு இறுகிப்போகும், பயப்பட வேண்டாம். மூட்டைச் சிவப்பாக்கி, ஆறும்வரை கைகளைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தால் தளர்ந்துவிடும். கடைசியாக அலகுகளைச் சூடாக்கி, எந்தக் கம்பியைப் பிடிக்கப் போகிறோமோ அதையே கவ்வ வைத்துத் தட்டிப் பொருத்தினேன். எல்லா அளவையும் சுமாராகப் பிடிக்கும் குறட்டைவிட ஓர் அளவை இறுக்கமாகப் பிடிக்கும் குறடுதான் பாதுகாப்பானது. 14 மி.மீ. தவிர வேறு அளவு வந்தால் அலகைச் சூடாக்கி மாற்றிக்கொள்கிறேன், எம்.எஸ். என்பதால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம்.

இப்போது ஆறு மாதமாக இந்தக் குறடு ஓடுகிறது, தினமும் தண்ணீரில் முங்குகிறது. ரிவெட் ஒருமுறை தளர்ந்தது, தட்டி இறுக்கினேன்.

முதல் குறட்டின் உடையாத பாதி சும்மா கிடந்தது. மடிப்பு இருந்த பக்கத்தை வெட்டி எறிந்துவிட்டு, மிஞ்சிய கையை உளியாக அடித்தேன். மணி பெருத்த உருக்கைச் சரிப்படுத்த, காந்தம் விடும் சூட்டுக்குச் சற்று மேலே கொண்டுபோய்க் காற்றில் ஆறவிட்டு, அதையே மூன்று முறை செய்தேன். பிறகு வாய்ப்பக்கத்தை மட்டும் அதே சூட்டுக்கு ஏற்றி, நுனி 3 செ.மீ. மட்டும் வெதுவெதுப்பான தாவர எண்ணெயில் முக்கினேன். எண்ணெய் உலோகப் பாத்திரத்தில், மூடி கைக்கு எட்டும் தூரத்தில், தீப்பிடித்தால் மூடிவிட வேண்டியதுதான். முக்கியதும் நுனியைக் கல்லில் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். உடம்பில் மிச்சமிருக்கும் சூடு நுனி நோக்கி நகர நகர நிறம் ஓடி வரும்: வைக்கோல் மஞ்சள், பழுப்பு, பிறகு ஊதா. ஊதா என்றால் 280 டிகிரியை ஒட்டி. வாயில் ஊதா தொட்டதும் மறுபடி எண்ணெயில் வைத்து நிறுத்தினேன். அடிவாங்கும் தலையைக் கடினப்படுத்தவே இல்லை, அது மெதுவாக விரியட்டும், விரிந்ததைத் தேய்த்து எடுத்துக்கொள்ளலாம், சில்லு பறப்பதைவிட அது மேல்.

அடுத்த குறட்டுக்கான இரண்டு பட்டைகளையும் அந்த உளியால்தான் வெட்டினேன். இம்முறை 20 மி.மீ. கம்பிக்கு.